விளக்குக் கட்டணத்துக்கு வந்த வரி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிக்கு வரிச் சட்டம் தெரியும் என்பது ஒரு நாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை அவருக்குத் தெரிந்த சட்டமெல்லாம் யார் பெயருக்கு அரைநாள் போடலாம் என்பது மட்டும்தான். பெயர் கூப்பிட்டு முடிந்து, கூடைகளை மாட்டிக்கொண்டு நாங்கள் மலைக்குக் கிளம்புகிற நேரத்தில், ஆபீஸ் படியில் ஏறி நின்று தொண்டையைக் கனைத்தார். பனி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வாயை மூடியிருந்த மஃப்ளரைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்.

"பட்ஜெட்ல வரிச் சட்டத்த மாத்திட்டாங்க. இனிமே லயத்துக்கு லைட்டு கனெக்‌ஷன் எடுக்கிறவங்க பழைய கட்டணத்தோட வரியும் சேத்துக் கட்டணும்."

சொல்லிவிட்டு மஃப்ளரை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வண்டி கூப்பிட்டால் வந்து சேராத எங்கள் மலைக்குப் பட்ஜெட் மட்டும் வழி கேட்காமல் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. அரசாங்கக் கரண்டு எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரிக்கு ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிற சொந்த மெஷின் இருந்தது. சாயங்காலம் ஃபேக்டரி ஓய்ந்த பிறகு சில மணி நேரம் அந்தக் கரண்டை நாங்கள் குடியிருந்த லயத்துக்கு விடுவார்கள், அதுவும் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும். கட்டினால் முன்னறையில் ஒரு பல்பு. அவ்வளவுதான் கனெக்‌ஷன். அதைத் தருவதற்குள் ஆபீஸ் காட்டிய பந்தாவைப் பார்த்தால் சூரியனையே கயிறு கட்டி இறக்கித் தருகிறார்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த ஒற்றைப் பல்புக்காக நான் ஏன் அப்படி அலைந்தேன் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மூச்சு சரியில்லை. ஃபேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் வருஷக்கணக்கில் வேலை செய்தவர். தேயிலைத் தூள் போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு வராது. கண் மட்டும் என்னைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த டாக்டர், வீட்டுக்குள் புகையே ஆகாது, மண்ணெண்ணெய் விளக்கை முதலில் அணையுங்கள் என்றார். அணைத்துவிடலாம். மலையில் ஆறரைக்கு இருட்டிவிடும். அதற்கப்புறம் என்ன செய்வது?

அதனால்தான் அன்றைக்கு மத்தியானமே ஆபீஸ் ஜன்னலுக்குப் போய் நின்றேன். எங்களுக்கு வாசல் கிடையாது, ஜன்னல்தான். கிராணி உள்ளே பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வரி ஐயா அது?" என்று கேட்டேன்.

"ஒனக்குச் சொன்னா வெளங்காது."

"சொல்லிப் பாருங்க."

பிஸ்கட் டீயில் விழுந்துவிட்ட எரிச்சலோடு சொன்னார். "முன்னெல்லாம் நீங்க குடுக்கிற காசு கம்பம் நடுறதுக்கு, கம்பி இழுக்கிறதுக்கு நீங்க குடுக்கிற பங்குன்னு கணக்கு. கம்பெனி வருமானத்துல சேராது. இப்ப அதையும் வருமானம்னு சட்டம் போட்டுட்டான். வருமானம்னா வரி உண்டுலா."

"வருமானம் கம்பெனிக்குத்தானே? வரியும் கம்பெனிதானே கட்டணும்?"

"கனெக்‌ஷன் யாருக்கு? ஒனக்குத்தானே. அப்ப நீதான் கட்டணும்."

"அப்ப கம்பம் எனக்கா?"

"கம்பம் எப்படி ஒனக்கு? கம்பம் கம்பெனிக்கு."

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இன்னொன்றும் சொன்னார். அந்த வரிக்காக நான் கூடுதலாகக் கொடுக்கிற பணமும் கம்பெனிக்கு வருமானமாம். அதற்கும் வரி விழுமாம். அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு என் கட்டணத்தில் ஏற்றியாகிவிட்டதாம். எங்கள் கோயிலில் கூழ் ஊற்றும்போது, சட்டியைத் தூக்கி வருகிறவன் வழியில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, குறைந்ததற்கு நம் வீட்டு அரிசியை வாங்கி மறுபடி காய்ச்சி, அதிலும் ஒரு கிளாஸ் குடித்தால் எப்படியோ, அப்படி. நான் காசு கொடுத்து அவர்களுக்குக் கம்பம் நட்டேன். இனாமாகக் கம்பம் கிடைத்ததற்காக அவர்களுக்கு வரி. அந்த வரியும் என் தலையில். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு எங்கேயாவது கோட்டும் டையும் மாட்டி உத்தியோகம் கொடுத்திருப்பார்கள்.

சட்டம் நிஜமாகவே அப்படித்தான் சொன்னதா, எங்கள் ஆபீஸ் அதற்குக் கையும் காலும் ஒட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் கவனித்தேன். சட்டம் மாறினால் கீழே ஊரில் யார் யாருக்கோ நஷ்டம், லாபம் என்பார்கள். அது மலை ஏறி லயத்துக்கு வரும்போது நஷ்டம் மட்டும்தான் வந்து இறங்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு வைத்திருந்தோம். அதைப் பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறி போடுகிற ஒருவருக்கு விற்றேன். அவருக்குப் பாலைவிடச் சாணிதான் முக்கியம். லோரியில் ஏற்றும்போது மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அது பாட்டுக்குப் புல்லைத் தின்றுகொண்டு போனது. அழுதது நான்தான். கட்டணத்தைக் கட்டினேன், வரியையும் வரிக்கு வரியையும் சேர்த்து. கம்பி வந்தது, பல்பு வந்தது. முதல் நாள் எரிந்தபோது வீட்டுக்காரர் பல்பையே பார்த்துக்கொண்டு, "இதுல பொகையே இல்லயே" என்று குழந்தை மாதிரி சொன்னார். அதற்காக இன்னொரு மாடு இருந்தாலும் விற்றிருப்பேன்.

அன்றைக்கே அவருக்கு மூச்சு இழுத்தது.

எங்கள் லயத்தைப் பார்த்திருந்தால் ஏன் என்று உடனே புரிந்திருக்கும். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் வரைக்கும் வெறும் காலி. முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். கட்டியவர்கள் செங்கல்லை மிச்சம் பிடித்தார்கள். அடுப்படி பின்னால் தனியாக இருந்ததால் அடுப்புப் புகை வெளியே போய்விடும். முன்னறை விளக்குப் புகை மட்டும் கூரைக்கு அடியில் வீடு வீடாக ஊர்ந்து போகும். நான் என் விளக்கை அணைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் விளக்கு எரிந்தது. கட்டணம் வீட்டுக்கு வீடு தனித்தனி, மூச்சு எல்லோருக்கும் ஒன்று. இதை எந்த பட்ஜெட்டில் எழுதுவது?

அந்த அக்கா புருஷனை இழந்தவர், தனி ஆள். கொழுந்து எடுக்கிறதில் என்னைவிடக் கெட்டிக்காரி, சண்டை போடுவதிலும்தான். எங்கள் இருவருக்கும் கோழி விஷயமாக வெகுநாள் பேச்சில்லை. வெட்கத்தை விட்டு அவர் வாசலில் போய் நின்று, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஓம் புருஷன் மூச்சு விடறதுக்கு நான் இருட்டுல குந்தியிருக்கணுமா?" என்றார்.

"நீங்களும் கனெக்‌ஷன் எடுத்துடுங்கக்கா."

"எங்கேருந்து எடுக்க? ஓங்கிட்ட மாடு இருந்துச்சு. எங்கிட்ட கோழிதான் இருக்கு, அதையும் நீ கல்லால அடிக்கிற."

நியாயமான பேச்சு. திரும்பி வந்தேன். எனக்கும் அவருக்கும் சேர்த்து வழி கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்தான். மறுநாள் பெஞ்சின் மேல் ஏறி, பல்பை அதன் வயரோடு தூக்கி, சுவரின் உச்சியில் ஒரு ஆணியில் மாட்டினார். அந்தப் பக்கம் பாதி வெளிச்சம், இந்தப் பக்கம் பாதி. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து அக்கா விளக்கை ஊதி அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கமா திருப்புலா, சோத்துல கல்லு தெரியல" என்றார். அதிலிருந்து பேச்சு வந்துவிட்டது. கோழியும் என் வாசலில் தாராளமாக மேய்ந்தது.

நல்ல விஷயம் பரவாமல் இருக்குமா? கனெக்‌ஷன் வைத்திருந்த மற்ற சில வீடுகளும் பல்பைச் சுவர் மேல் ஏற்றின. ஆபீசுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கிராணி லயத்துக்கே நேரில் வந்தார். அவர் லயத்துக்குள் கால் வைத்தால் சாணியை மிதித்த மாதிரி நடப்பார்.

"லைசென்ஸ் இல்லாம ஒருத்தருக்கு ஒருத்தர் கரண்டு சப்ளை பண்றது குத்தம், தெரியுமா? கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கு. ஒனக்கு இருக்கா?"

"நான் கரண்டு குடுக்கலயே ஐயா. வெளிச்சம் அதுவா போவுது" என்றேன்.

"வெளிச்சத்த நிப்பாட்டு."

உண்மையாகவே அப்படிச் சொன்னார். இவர்தான் எங்களில் படித்தவர்.

அடுத்த பட்ஜெட் வந்தது. ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்ட வீட்டுக்காரர், இந்த மாதிரி கனெக்‌ஷன் கட்டணத்துக்குப் போட்ட வரியை எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றார். வேலைக்குப் போகிற அவசரத்தில் அரைகுறையாகக் கேட்டதுதான். ஆனாலும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வரி போனால் பழைய கட்டணம். பழைய கட்டணம் என்றால் தவணையில் கட்டிவிடலாம். அவர் வீட்டிலும் ஒரு பல்பு எரிந்தால் ஆபீசுக்குப் பயந்து எதையும் மறைக்க வேண்டாம், என் வீட்டுக்காரருக்கும் புகை வராது. இருவரும் சேர்ந்து ஜன்னலுக்குப் போனோம்.

கிராணி மறுக்கவில்லை. வரி எடுத்தாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார்.

"அப்ப கட்டணத்தக் கொறைங்க."

"அது எப்படிலா கொறைக்கிறது? இவ போன வருஷம் முழுசா கட்டியிருக்கா" என்று என்னைக் காட்டினார். "இப்ப ஒனக்குக் கொறைச்சா இவளுக்கு அநியாயம் ஆயிடாதா? ஆபீஸ்னா எல்லாருக்கும் ஒரே நியாயம்."

எனக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாதாம். அதற்காக அக்காவிடமும் அதே பணத்தைப் பிடுங்குவார்களாம். என் பேரில் இவ்வளவு அக்கறை இருந்த ஆளை நான் அறியாமல் இருந்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் அநியாயம் இல்ல ஐயா. கொறைங்க" என்றேன்.

"ஒனக்குத் தெரியாது" என்று ஜன்னலைச் சாத்தினார்.

தோட்டத்தை நடத்துகிற துரையைப் பார்க்கலாம் என்றால் அவர் ஜீப்பை நிறுத்தமாட்டார். தொழிற்சங்கத்துக்காரர் ரிங்லெட் டவுன் டீக்கடையில் கிடைத்தார். இது சம்பளப் பிரச்சினை இல்லையே, கரண்டுப் பிரச்சினையாச்சே என்று ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்படுவதற்குச் சந்தா பிடித்தார்கள் போலிருக்கிறது. ஆனால் போகும்போது ஒரு உருப்படியான சங்கதி சொன்னார். தோட்டத்து மெஷினுக்கு லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் கீழேயிருந்து சோதனைக்கு வருவார், கட்டணத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு, அவரிடம் நேராகச் சொல்லுங்கள் என்றார். நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மலாயில், துவான் என்று மரியாதை போட்டு, சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வரி போய்விட்டது துவான், கட்டணம் மட்டும் போகவில்லை, ஏன்?

இன்ஸ்பெக்டர் வருகிற சேதியை லயத்துக்குக் கொண்டுவந்தது கிராணியின் ஆள்தான். ஆனால் சொல்லிய விதம் வேறு. ஒரு பல்பை இரண்டு வீட்டுக்குப் போட்டவர்களைப் பிடிக்க வருகிறார், அபராதம் உண்டு, வேலையும் போகும் என்றான். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அவர் நம்மைப் பிடிக்க வரவில்லை, கம்பெனியைக் கேட்க வருகிறார், எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள், பார்க்கட்டும் என்றேன். தலையை ஆட்டினார்கள். எங்கள் ஜனங்கள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அதிகாரி என்று யார் வந்தாலும் வாசலைப் பெருக்கி, குழந்தைக்கு மூக்கைத் துடைத்து, இருக்கிற குறையை எல்லாம் பாய்க்கு அடியில் தள்ளி, எல்லாம் நல்லாருக்கு என்று காட்டியே பழகிய ஜனம். தாத்தா காலத்திலிருந்து வெள்ளைக்காரத் துரைக்குச் செய்ததை மலாய்க்கார இன்ஸ்பெக்டருக்கும் செய்தார்கள்.

அவர் வந்த மத்தியானம் பனி கவிந்து வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. சுவர் மேலிருந்த பல்புகள் எல்லாம் இறங்கிவிட்டன. அது போதாதென்று, கனெக்‌ஷன் இல்லாத ஒவ்வொரு வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்தார்கள். நாங்கள் யார் வெளிச்சத்தையும் திருடவில்லை என்று காட்டுவதற்காம். ஏற்றியதும் சும்மா ஏற்றவில்லை, தெளிவாகத் தெரியட்டும் என்று திரியைத் தூக்கிவிட்டு ஏற்றினார்கள். கூரைக்கு அடியில் கறுப்பாகப் புகை கூடியது.

இன்ஸ்பெக்டர் லயத்து வாசலுக்கு வந்தபோது நான் உள்ளே இருந்தேன். வீட்டுக்காரர் முட்டியில் கை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு, அவர் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துவிட்டு, வெளியே கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை விட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை. மனப்பாடம் செய்த மலாய் வாக்கியம் வாசல் வரைக்கும் போகவே இல்லை.

"ஏதாவது குறை உண்டா?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டது காதில் விழுந்தது. நல்ல குரல். நிஜமாகவே கேட்ட குரல்.

"தா அடா துவான், ஒண்ணுமே கொறை இல்ல" என்று ஏழெட்டு வாய் ஒன்றாகச் சொன்னது.

"உள்ளே யாரோ மூச்சுவிடக் கஷ்டப்படுகிறாரே?"

"குளிரு துவான். இங்க எல்லாருக்கும் குளிரு" என்றார் கிராணி.

"கசியான்" என்றார் இன்ஸ்பெக்டர். பாவம் என்று அர்த்தம். அதோடு அவர் ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு என் ஜனங்களின் மேல் எனக்கு வந்த வெறுப்பு கிராணியின் மேல்கூட வந்ததில்லை. அவர் கம்பெனிச் சம்பளத்துக்குப் பொய் சொன்னார். இவர்கள் சொந்த மண்ணெண்ணெயைச் செலவழித்துப் பொய் சொன்னார்கள். அக்கா மட்டும் விளக்கு ஏற்றவில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் வாசலில் நின்று இன்ஸ்பெக்டரிடம் பேச வாயெடுத்திருக்கிறார், பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

சோதனையில் குறை இல்லை என்று ஆகிவிட்டதால் ஆபீசுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இனி ஒரு வெளிச்சமும் இனாமாகப் போகக் கூடாது என்று துரை உத்தரவு போட்டாராம். ஃபேக்டரியிலிருந்து பழைய தேயிலைப் பெட்டிகளை லோரியில் கொண்டுவந்து, உடைத்து, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் பலகை அடித்தார்கள். கனெக்‌ஷன் இருந்த வீடுகளின் இரண்டு பக்கமும் அடித்தார்கள். அத்தனை வருஷம் கேட்டும் ஒரு செங்கல் வைக்காத கம்பெனி, ஒரு பல்பின் பாதி வெளிச்சம் அடுத்த வீட்டுக்குப் போகிறது என்றதும் ஒரே வாரத்தில் கூரை வரைக்கும் சுவர் எழுப்பிவிட்டது.

பலகை அடித்த பிறகு என் வீட்டுக்குப் புகை வரவில்லை.

அவர் இழுப்பு குறைந்தது. படுத்துத் தூங்கினார். நாலு வருஷத்துக்கு அப்புறம் மனுஷன் முதுகு தரையில் படத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷம் கம்பெனியின் கஞ்சத்தனத்தால் வந்தது என்பதுதான் பொறுக்கவில்லை. நல்லது செய்ய நினைத்து ஒரு நாளும் செய்யாதவர்கள், கெடுதல் செய்யப் போய் நல்லது செய்துவிட்டார்கள். பெரட்டில் கிராணி என்னைப் பார்த்து, "ஓம் வீட்டுக்காரனுக்கு இப்ப தேவலயாமே? பாத்தியா, ஆபீஸ் எது செஞ்சாலும் ஒங்க நல்லதுக்குத்தான்" என்றார். காறித் துப்பத் தோன்றியது. பனியில் வாய் காய்ந்திருந்தது.

வீட்டுக்காரர் மட்டும் நிம்மதியாக இல்லை. சாயங்காலம் பல்பு எரிந்ததும் பலகையையே பார்ப்பார். கடைசியில் ஒரு நாள், "ஒரு பலகைய கழட்டிடலாம்லா. அக்கா மறுபடி மண்ணெண்ணெய்க்குப் போயிருக்கும்" என்று பெஞ்சை இழுத்துப் போட்டார். ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா தட்டினார்.

"தம்பி, பலகையத் தொடாத."

"இல்லக்கா, பல்ப மேல மாட்டிடறேன்."

"வேணாங்கிறேன்லா. வேலைய வேற போக்கிக்குவியா? எனக்கு ஒரு கொறையும் இல்ல. வெளக்கு நல்லாத்தான் எரியுது. நீ மூச்சு விடு, போதும்."

அவர் பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் மண்ணெண்ணெய் வாசனையே இல்லாதது அப்போதுதான் உறைத்தது. பெட்டிப் பலகை எத்தனை நெருக்கி அடித்தாலும் சந்து விடும், விளக்கு எரிந்தால் வாசனை கசியாமல் இருக்காது. நான் பெஞ்சின் மேல் ஏறி, பல்பை ஒரு கையால் பிடித்துச் சந்துக்கு நேரே காட்டிப் பார்த்தேன். கோடு மாதிரி அந்தப் பக்கம் விழுந்த வெளிச்சத்தில், ஊதி அணைத்த விளக்கு மூலையில் தூசி படிந்து கிடந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, இருட்டில் தடவித் தடவிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.